சோறில்லாத மதியப் பெட்டி: வேலூரில் ஒரு குறைமாவு உணவுச் சேவையின் மதிப்புரை

வேலூரில் சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம், காட்பாடி ஆகிய பகுதிகளில் உள்ள வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மதிய வேளையில் குறைமாவுச் சாப்பாட்டை, அதாவது மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுக்கும் சிறிய வீட்டுச் சமையற்கூடம் ஒன்றிடமிருந்து, சில மாதங்களாக எங்கள் வீட்டுக்குப் பெட்டி வாங்கி வருகிறோம். பெயர்ப் பலகைகூட இல்லாமல் தொலைபேசி வழியாகவே நடக்கும் தொழில் அது. நிறையோடு குறையையும் சொல்ல இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே போன்ற சாப்பாட்டுப் பெட்டியை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன். பேலியோ, கீட்டோ, லோ கார்ப் என்று பல பெயர்களில் பேசப்படும் இந்த உணவுமுறை உடம்புக்கு நல்லதா கெட்டதா என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டிலும் ஓயாமல் நடந்ததுண்டு. அதற்கு எனக்குக் கிடைத்த விடையை, இந்தப் பெட்டியை வைத்தே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சாப்பாட்டைப் பற்றி. எவர்சில்வர் அடுக்கு டிபன் கேரியரில் நான்கு கிண்ணங்கள் வருகின்றன. கீழ்க் கிண்ணத்தில் சோற்றுக்குப் பதிலாகத் துருவிய காலிஃபிளவர், கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, தண்ணீர் சேர்க்காமல் வதக்கியது. அதற்கு மேல் ஒரு குழம்பு, அதற்கு மேல் ஒரு பொரியல் அல்லது கீரைக் கடைசல், உச்சியில் பன்னீர் வறுவலோ இரண்டு அவித்த முட்டையோ கோழி வறுவலோ இருக்கும். தயிர் தனியாக ஒரு சிறு டப்பாவில் வரும். காலிஃபிளவரைச் சோறு என்று எண்ணிக்கொண்டு சாப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதைக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதற்கு ஏற்ற ஒரு காய் என்று எடுத்துக்கொண்டால் வயிறும் நிறையும், மனமும் ஒத்துக்கொள்ளும். மூடி போட்டு வேகவைத்தால் காலிஃபிளவரிலிருந்து கிளம்பும் அந்தக் கனத்த வாடை இவர்கள் சமையலில் இல்லை. திறந்த வாணலியில், அதிகத் தீயில், சில நிமிடங்களில் இறக்கிவிடுகிறார்கள் என்பது துருவல் தனித்தனியாக உதிர்வதிலேயே தெரிகிறது.

இந்தச் சமையற்கூடத்தை நான் மனதாரப் பாராட்டுவது அதன் காய்களுக்காக. குறைமாவு உணவு என்றாலே பாதாம், வெண்ணெய்ப்பழம், சீஸ் என்று விலை உயர்ந்த பொருள்களின் பட்டியல் ஒன்று பலர் மனதில் பதிந்துவிட்டிருக்கிறது. இவர்களோ நேதாஜி மார்க்கெட்டில் அன்றன்றைக்குக் கிடைக்கும் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், வெண்டைக்காய், முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கொண்டே வாரம் முழுவதும் சமைக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் மேலானது எங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இந்தக் காயின் காம்பிலும் காம்பை ஒட்டிய புல்லி இதழிலும் முள் இருக்கும். நறுக்கும்போது விரலில் குத்தும், ஆனால் சதை குழையாமல் எண்ணெயில் பதமாக வேகும். வேர்க்கடலையும் எள்ளும் வறுத்து அரைத்த விழுதை அடைத்து, செக்குக் கடலை எண்ணெயில் முழுக் கத்திரிக்காயாக வதக்கி, புளியைக் குறைத்து, தக்காளியை அளவாகச் சேர்த்து இவர்கள் செய்யும் எண்ணெய்க் கத்திரிக்காய், பெட்டியில் வரும் நாளில் வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றும். நூறு கிராம் கத்திரிக்காயில் மாவுச்சத்து ஏறக்குறைய ஆறு கிராம்தான், அதிலும் பாதி அளவுக்கு நார்ச்சத்து. வேர்க்கடலையும் எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைவது. நூறு கிராமில் 25 கிராம் புரதம் தரும் அந்தப் பருப்பை விட்டுவிட்டு எங்கிருந்தோ வரும் கொட்டைகளைத் தேட வேண்டியதில்லை என்பதை இந்தப் பெட்டி எங்களுக்குக் காட்டியது.

ஒரு பெட்டியில் மாவுச்சத்து 25 கிராமுக்குள் இருக்கும் என்று சொல்லித்தான் சந்தா சேர்க்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்க, சமையலறைத் தராசில் ஒவ்வொரு கிண்ணத்தையும் நிறுத்து, பொருள்களின் அளவைக் கேட்டறிந்து கணக்குப் போட்டேன். காலிஃபிளவர், காய், தயிர், பன்னீர், தாளிப்பில் சேரும் வெங்காயம் தக்காளி என எல்லாவற்றையும் சேர்த்தாலும் பெரும்பாலான நாள்களில் 20க்கும் 25க்கும் இடையில்தான் வருகிறது. வெங்காயத்தை அள்ளிப் போட்டு கிரேவியைக் கெட்டியாக்கும் நாள்களில் மட்டும் சற்றுக் கூடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மெஸ்ஸில் ஒருவர் வழக்கமாகச் சாப்பிடும் 300 கிராம் சோற்றில் மட்டும் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. கோழி வறுவலிலும் சோள மாவோ மைதாவோ பூசுவதில்லை. மிளகும் சீரகமும் தூக்கலாக, கோழியின் சொந்தக் கொழுப்பிலேயே வறுபட்டு வருகிறது. சொன்ன அளவைப் பெரும்பாலும் சொன்னபடி தருகிறார்கள் என்பதற்காக இவர்களை நம்பலாம்.

எங்கள் வீட்டில் பெட்டியை முதலில் கேட்டவர் என் கணவர். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சோறு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் இருநூறைத் தாண்டி நிற்கும் அளவு, இந்தப் பெட்டியைச் சாப்பிடும் நாள்களில் நூற்றைம்பதை ஒட்டியே நிற்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மாவுச்சத்துதான் செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் சேர்கிறது, அதைக் குறைத்தால் ஏற்றமும் குறைகிறது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019இல் வெளியிட்ட அறிக்கையும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் அதிகச் சான்று இருக்கிறது என்று கூறுகிறது. 2021இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, குறைமாவு உணவை ஆறு மாதம் பின்பற்றியவர்களில் 57 விழுக்காட்டினரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.5க்குக் கீழே இறங்கியது என்றும், பிற உணவுமுறைகளில் அது 31 விழுக்காடாக இருந்தது என்றும் கண்டது. ஆனால் அதே ஆய்வு, ஓராண்டு ஆகும்போது இந்த வேறுபாடு பெரிதும் தேய்ந்துவிடுவதையும் சேர்த்தே சொல்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இது சர்க்கரை நோயை விரட்டிவிடும் என்று பேசுபவர்களும், இரண்டாம் பாதியை மட்டும் காட்டி இது வீண்வேலை என்பவர்களும் ஒரே பக்கத்தின் பாதியைத்தான் படிக்கிறார்கள்.

எடைக் குறைப்பிலும் இதே நிதானம் தேவை. முதல் வாரத்தில் தராசு முள் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் பலர். மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைத்திருக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரைந்து தண்ணீரும் வெளியேறுகிறது, கொழுப்பு கரைவதற்கு அதன் பிறகும் பொறுமை வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாவுக் குழுவினர் சராசரியாக 6 கிலோவும், குறைகொழுப்புக் குழுவினர் 5.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதே ஆய்வின் முடிவு. எடைக்காக மட்டும் இந்தப் பெட்டியை வாங்க நினைப்பவர்கள், சோற்றைப் பாதியாக்கிக் காயை இரு மடங்காக்கினாலே ஓரளவு பயன் கிடைக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, அதன் வாசலில் நிற்கிறேன். நான் அப்படித்தான் செய்கிறேன்: பெட்டியில் வரும் காயையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு கைப்பிடிச் சோறும் சேர்த்துக்கொள்கிறேன்.

இனி குறைகளுக்கு வருகிறேன். வாரத்தில் ஒரு நாள் சாமைப் பொங்கலோ தினை உப்புமாவோ அனுப்பிவிட்டு அதையும் குறைமாவு உணவு என்றே சொல்கிறார்கள். இது தவறு, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் தவறுதான். சமைக்காத அரிசி நூறு கிராமில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றில் 60 முதல் 70 கிராம் வரை இருக்கிறது. சிறுதானியத்தில் தாது உப்புகள் உண்டு, தீட்டாத தானியத்தில் நார்ச்சத்தும் உண்டு, அவற்றுக்காக அதைச் சாப்பிடலாம். அதற்காகக் குறைமாவுப் பட்டியலில் அதைச் சேர்த்தால், சர்க்கரை நோயாளி ஒருவர் நம்பி இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டுவிடுவார். என் கணவருக்கு அந்த நாளில் அளவு ஏறியதை மீட்டரே காட்டியது. நான் சொன்ன பிறகு அந்த நாள் பெட்டியின் மூடியில் ‘சிறுதானியம்’ என்று எழுதி ஒட்டுகிறார்கள், ஆனால் மாவுச்சத்து எவ்வளவு என்று இன்னும் எழுதவில்லை.

இரண்டாவது குறை, காலை வேளைக்கென்று அவர்கள் தனியாக விற்கும் பட்டர் டீ. ஒரு குவளையில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் மிதக்கிறது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தந்தால் ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது என்பதை மறந்துவிட்டு, மாவு இல்லையென்றால் எவ்வளவு கொழுப்பும் ஆகும் என்று நினைப்பது ஆபத்தானது. குறைமாவு உணவில் பலருக்கு இரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு இறங்குகிறது, அது நல்ல செய்தி. ஆனால் சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கடுமையாக ஏறுகிறது, வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொழுப்பு இறைச்சியும் அதிகமானால் இன்னும் ஏறுகிறது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருவதால், எல்டிஎல் ஏறினால் பரவாயில்லை என்று சொல்வோரின் பேச்சைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. 2018இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் பதினையாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, உணவின் ஆற்றலில் மாவுச்சத்து 50 முதல் 55 விழுக்காடாக இருந்தவர்களிடம் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்ததையும், 40க்குக் கீழேயும் 70க்கு மேலேயும் போனவர்களிடம் அது கூடியதையும் கண்டது. மாவின் இடத்தை இறைச்சிக் கொழுப்பு பிடித்தால் அபாயம் கூடுகிறது, பருப்பும் கொட்டைகளும் போன்ற தாவர உணவுகள் பிடித்தால் குறைகிறது என்பதும் அதில் உண்டு. இது மக்களைக் கவனித்து எழுதப்பட்ட ஆய்வு, காரணத்தை அறுதியிட்டுச் சொல்லக்கூடியதல்ல. என்றாலும் சோறு போன இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே முக்கியம் என்ற பாடம் அதில் தெளிவாக இருக்கிறது. எனவே இவர்களுடைய சைவப் பெட்டியையும் முட்டைப் பெட்டியையும் நான் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறேன். ஆட்டுக்கறிப் பெட்டியை எப்போதாவது வாங்கலாம், பட்டர் டீயை வாங்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது சந்தா சேர்க்கும் முறை. முகவரி, சைவமா அசைவமா, காரம் எவ்வளவு என்ற மூன்றைத்தான் கேட்கிறார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதில்லை. என் கணவர் கிளிமிபிரைடு சாப்பிடுபவர். அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. மாத்திரையின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினால், சுரந்த இன்சுலினுக்கு ஈடான சர்க்கரை உணவிலிருந்து வராமல், இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரலாம். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே நிலைதான். அதைவிட அதிகம் அறியப்படாத ஆபத்து ஒன்று உண்டு. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாத நிலையிலேயே கொழுப்பு கரையும்போது உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தில் மிகுந்து அதை அமிலமாக்கும் கீட்டோன் அமிலத்தன்மை என்ற உயிராபத்து வரக்கூடும். வாந்தியும் வயிற்று வலியும் மூச்சு வாங்குதலும் இருக்க, மீட்டரில் எண் பெரிதாக ஏறாததால் நோயாளியும் வீட்டாரும் ஏமாந்துவிடுவார்கள். நாங்கள் பெட்டியைத் தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்த்தோம். அவர் கிளிமிபிரைடைப் பாதியாக்கி, முதல் இரண்டு வாரம் தினமும் மூன்று வேளை சர்க்கரை பார்க்கச் சொன்னார். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகள் மருத்துவத்துக்காக வந்து இறங்கும் ஊர் இது. அத்தகைய ஊரில் மாத்திரையைப் பற்றிய ஒரு கேள்விகூட இல்லாமல் இப்படி ஒரு உணவை விற்பது எனக்குப் பொறுக்கவில்லை. நடத்தும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, “நாங்க சாப்பாடுதானே குடுக்கறோம், வைத்தியம் பாக்கலியே” என்றார். குறைமாவு உணவு சர்க்கரை நோயாளிக்கு மருந்தைப் போலவே வேலை செய்கிறது என்பதால்தான் அவர்களிடம் ஆட்கள் வருகிறார்கள். அப்படியிருக்க, கேட்க வேண்டிய கடமையும் உண்டு.

எங்கள் மாமியாருக்குப் பெட்டி வாங்குவதில்லை. அவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்து வருவதால் புரதத்தை அளவோடு சாப்பிடும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். முட்டையும் பன்னீரும் கோழியும் நிறைந்த இந்தப் பெட்டி அவருக்கு நல்லதல்ல. கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. ஒரே வீட்டில் மூவருக்கு மூன்று விதமாக அமைந்த இந்த உணவை, நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? மாமியாரின் வாதம் வேறு: இந்த மண்ணில் பிறந்தவர்கள் கேழ்வரகுக் களியையும் கீரைக் குழம்பையும் சாப்பிட்டுத் திடமாகத்தான் இருந்தார்கள் என்பார். களியைக் கைவிடுவதில் இழப்பு உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதை நிறுத்துகிறவர்கள் தயிர், முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவற்றால் ஈடுகட்ட வேண்டும். பெட்டியில் தயிரும் எள்ளும் கீரையும் வருவதால் இந்தக் கணக்கில் இவர்கள் தேறிவிடுகிறார்கள். ஆனால் ஏர் பிடித்தவர்களின் தட்டில் இருந்த அளவுக் களி, நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்களுக்குத் தேவையில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியே, தானியங்களிலிருந்து வரும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் கணக்குப்படி நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இந்நிலையில் சோற்றைக் குறைப்பது பற்றிய பேச்சை விளம்பரக்காரர்களின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

வேலூர் வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவுச்சத்து குறைந்து இன்சுலினும் குறையும்போது சிறுநீரகம் உப்பை அதிகமாக வெளியேற்றுகிறது. மே மாதத்தில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் இந்த ஊரில் வியர்வையிலும் உப்பு போகும். தொடங்கிய முதல் வாரங்களில் தலைவலி, சோர்வு, எழுந்தால் கண் இருட்டுதல் ஆகியவை வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கோடையில் பெட்டியோடு உப்பிட்ட நீர்மோர் ஒரு பாட்டில் தருகிறார்கள், பாராட்டத் தக்க ஏற்பாடு. ஆனால் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் எவ்வளவு உப்பு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விலையைப் பார்ப்போம். சைவப் பெட்டி 150 ரூபாய், முட்டைப் பெட்டி 160, கோழி 190. சாதாரண மதியச் சாப்பாட்டைவிடக் கூடுதல்தான். பணம் ஒரு தடை என்றால், ஆற்காடு சாலையில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள வங்காள மெஸ்களில் மீன் குழம்பையும் காய்கறியையும் சோறில்லாமல் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்கை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். வீட்டில் சமைக்க நேரம் உள்ளவர்களுக்கு இரண்டு முட்டை, ஒரு கூறு முள்ளு கத்திரிக்காய், ஒரு கட்டுக் கீரை, ஒரு பிடி வேர்க்கடலை போதும், செலவு இதில் பாதிகூட ஆகாது. பெட்டியின் உண்மையான பயன் நேரமில்லாதவர்களுக்குத்தான்.

முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட்டால் மறுநாள் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையே பெட்டி வந்துவிடுகிறது. பாகாயம் பக்கத்துக்கு இன்னும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆம்பூர் பிரியாணி வாங்கும் வீடுகளில் அன்று பெட்டியை யாரும் தேடமாட்டார்கள் என்பதும் உண்மை. என் கணவர் அன்று அரைத் தட்டு பிரியாணியும் நிறைய வெங்காயப் பச்சடியும் எடுத்துக்கொள்கிறார், மருத்துவரும் அதற்கு இசைந்திருக்கிறார். புதிதாகச் சேர்பவர்கள் ஹெச்பிஏ1சி, கொழுப்பு அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் தொடங்கும் முன் ஒரு முறையும், மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தாவை முழு மாதத்துக்கும் மொத்தமாகக் கட்டாமல் பதினைந்து நாளுக்குக் கட்டுங்கள், அந்த வசதியும் இருக்கிறது. மாத்திரை, சிறுநீரகம், கர்ப்பம் ஆகிய மூன்று கேள்விகளைச் சேர்த்து ஒரு படிவத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அவர்கள் பயன்படுத்தத் தொடங்கினால், வாடிக்கையாளர்களைக் கூடுதலாகச் சேர்த்துவிட நானே முன்வருவேன். அதுவரை, கேட்டவர்களிடம் மட்டும் எண்ணைக் கொடுத்து, முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு அழைக்கச் சொல்கிறேன்.